அளவில்லை என்று ஒரு வாக்கு

வாக்குத் தவறுகிறவர்கள் இரு வகைப்படுவர். “சொன்னதைச் செய்ய இனி என்னால் ஆகாது” என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறவர்கள் ஒரு வகை. சொன்ன சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டே, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பொருளை மட்டும் மெல்ல உருவி எடுத்துவிடுகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையினர்மீது நமக்கு உடனே கோபம் வருகிறது. இரண்டாம் வகையினர்மீது பல சமயம் கோபம்கூட வருவதில்லை. ஏமாந்ததே நமக்குத் தெரியாதபோது கோபம் எங்கிருந்து வரும்?

இவ்விருவரில் யார் பெரிய குற்றவாளி? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு புராணக் கதையும் அல்ல, நாவலும் அல்ல. அமெரிக்காவின் செல்போன் கம்பெனிகள் கடந்த சில வருஷங்களாக நடத்தியிருக்கிற வியாபாரம்தான்.

2007-ஆம் ஆண்டு ஐபோன் முதன்முதலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அதற்கு இணைப்புக் கொடுத்த கம்பெனி ஏ.டி. அண்டு டி. மாதம் இவ்வளவு என்று பணம் கட்டிவிட்டால் டேட்டாவை எவ்வளவு வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்பது பேச்சு. ‘அன்லிமிடெட்’ என்று அதற்குப் பெயர். அளவில்லை, எல்லையில்லை என்று பொருள். ஜனங்கள் நம்பினார்கள், வாங்கினார்கள், உபயோகித்தார்கள். மூன்று வருஷத்தில் கம்பெனிக்கு மூச்சு முட்டியது. 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அது அளவில்லாத் திட்டத்தைப் புதிய வாடிக்கையாளர்களுக்கு நிறுத்திவிட்டது. இனி 200 எம்.பி.க்கு 15 டாலர், 2 ஜி.பி.க்கு 25 டாலர். பழைய வாடிக்கையாளர்கள் விரும்பினால் பழைய திட்டத்திலேயே இருக்கலாம் என்றது. மறு வருஷம் ஜூலையில் வெரைசான் கம்பெனியும் அதே வழியில் போயிற்று.

அன்று எழுந்த கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் நான் சொல்கிறேன்: இந்தக் கதை முழுவதிலும் ஓரளவாவது நாணயமாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

ஏன் என்று கேட்பீர்கள். நான் என்ஜினீயர் அல்ல. ஆனாலும், ஒரு டவரிலிருந்து வரும் அலைவரிசை ஓர் ஏரித் தண்ணீரைப் போன்றது என்பது விளங்காமல் போகவில்லை. அந்த டவரின் கீழ் இருக்கும் அத்தனை பேரும் அந்த ஒரே தண்ணீரைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவன் தன் வயலுக்கு ராப்பகலாக மடையைத் திறந்து வைத்துக்கொண்டால் கடைமடைக்காரன் வாய் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். தன் ஸ்மார்ட்போன் வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு 3 பேர், மொத்தப் போக்குவரத்தில் நூற்றுக்கு 40 பங்கை எடுத்துக்கொள்கிறார்கள் என்று அந்தக் கம்பெனி 2009-இன் இறுதியில் சொன்னது. கம்பெனி சொன்ன கணக்குத்தான். ஆனாலும் அதை நாம் நம்பலாம். தண்ணீர் குறையும்போது முறை வைத்துப் பாய்ச்சுவது அநியாயமல்ல. பற்றாக்குறை உள்ள இடத்தில் அளவு என்பதே ஒரு தர்மம். “இனிமேல் அளவில்லை என்று விற்க மாட்டோம், முன்பு வாங்கியவர்களுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோம்” என்று ஒரு வியாபாரி சொன்னால், அவனை நான் மோசக்காரன் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கதை அத்துடன் முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன்.

2011-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், சொல்லைக் காப்பாற்றுவதாகச் சொன்ன அந்தப் பழைய வாடிக்கையாளர்கள் விஷயத்தில் ஏ.டி. அண்டு டி. ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ‘அன்லிமிடெட்’ என்ற பெயர் அப்படியே இருந்தது. ஆனால் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியவர்களுக்கு வேகத்தை இறுக்கிப் பிடித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘த்ராட்டில்’ செய்வது என்று பெயர். கழுத்தை நெரிப்பது என்றும் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. பொருத்தமான பெயர்தான்! போன் இருக்கிறது, இணைப்பு இருக்கிறது, உயிர் மட்டும் ஊசலாடுகிறது. 2014 அக்டோபரில் அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. இதற்காக வழக்குத் தொடுத்தது. 35 லட்சம் வாடிக்கையாளர்களை, மொத்தம் இரண்டரைக் கோடித் தடவைக்கு மேல் இப்படி இறுக்கினார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. சிலருக்கு 2 ஜி.பி. தாண்டியதுமே இறுக்கிவிட்டார்களாம். இதில் முக்கியமான சங்கதி வேறொன்று இருக்கிறது. அந்த நேரத்தில், அந்த இடத்தில், நெரிசல் இருந்ததா இல்லையா என்று பார்க்காமலே இறுக்கினார்கள் என்றது ஆணையம். ஏரி நிரம்பி வழிகிறபோதும் மடையை அடைப்பதற்குப் பெயர் முறைப் பாசனமா? ஐந்து வருஷம் வழக்காடிய பிறகு 2019 நவம்பரில், 6 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கம்பெனி வழக்கை முடித்துக்கொண்டது.

இடையில் 2012-இல், தென் கலிபோர்னியாவில் ஒரு சாதாரண வாடிக்கையாளர் சிறு வழக்கு மன்றத்துக்குப் போனார். அளவில்லை என்று விற்றுவிட்டு வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பது நியாயமல்ல என்று சொல்லி, அவருக்கு 850 டாலர் கொடுக்கும்படி நீதிபதி தீர்ப்பளித்தார். பெரிய தொகை அல்ல. ஆனால் ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதைத் தீர்மானிக்க ஒரு தனி மனிதன் நியாயஸ்தலத்தின் படியேற வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். அதைத் தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை. “பாங்கியில் பணம் போட்ட அத்தனை பேரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்தப் பாங்கியாலும் கொடுக்க முடியாது. ஆயினும், கேட்டபோது கொடுப்போம் என்று அது எல்லோரிடமும் சொல்கிறது. அது பொய்யா? எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே உலகத்தில் பாதிக் காரியங்கள் நடக்கின்றன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்காதவர்களை நம்பி வாக்குக் கொடுப்பது தவறல்ல என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கேட்கிறவன் வந்து நிற்கும்போது அவனுக்குக் கொடுத்தாக வேண்டும். பாங்கி அப்படித்தான் செய்கிறது. அதனால்தான் அதன் வாக்கு வாக்காக நிற்கிறது. இந்தக் கம்பெனிகளோ, அளவில்லை என்று நூறு பேரிடம் விற்று, தொண்ணூற்றைந்து பேர் உபயோகிக்காததில் லாபம் கண்டு, உபயோகித்த ஐந்து பேரை மட்டும் பேராசைக்காரர்கள்போல நிறுத்தி வைத்தன. கொடுத்த வாக்கை அப்படியே நம்பியதுதான் அவர்கள் செய்த குற்றம்!

இனி, ‘டெதரிங்’ என்கிற விவகாரத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் ‘ஹாட்ஸ்பாட் போடுவது’ என்று சொல்வது இதைத்தான். என் போனுக்கு வரும் இணைப்பை என் கம்ப்யூட்டருக்கோ, பக்கத்தில் இருக்கும் என் தம்பிக்கோ கொடுப்பது. கூடாது என்றன அமெரிக்கக் கம்பெனிகள். செய்ய வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டு என்றன.

இதில் நியாயம் எந்தப் பக்கம்? நம் ஊர்ச் சாப்பாட்டு ஓட்டல்களில் இதற்கு விடை இருக்கிறது. முழுச் சாப்பாடு வாங்கியவனுக்கு இலையில் கேட்கக் கேட்கச் சாதம் விழும். அவன் தன் இலையிலிருந்து அள்ளிப் பக்கத்தில் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் நண்பனுக்கு வைத்தால் ஓட்டல்காரர் முகம் சுளிப்பார். அதில் தவறில்லை. ‘எவ்வளவு வேண்டுமானாலும்’ என்று அவர் சொன்னது ஒரு வயிற்றுக்கு. அந்த வயிறுதான் அந்த வாக்கின் எல்லை. ஆனால் அளவுச் சாப்பாடு வாங்கியவன் விஷயம் வேறு. அந்த ஒரு தட்டுச் சாதம் அவனுடையது. அவனே உண்ணலாம், குழந்தைக்கு ஊட்டலாம், அளவுக்குப் பணம் வாங்கிக்கொண்ட பிறகு, யார் வாயில் போகிறது என்று கேட்க ஓட்டல்காரருக்கு உரிமை ஏது?

2010-இல் நடந்தது என்ன தெரியுமா? 2 ஜி.பி. என்று அளந்து விற்ற பிறகும், அதே 2 ஜி.பி.யைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க மாதம் 20 டாலர் தனியாகக் கேட்டது ஏ.டி. அண்டு டி. அந்த 20 டாலருக்கு ஒரு துளி டேட்டாகூட அதிகம் கிடையாது. அளவுச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கிவிட்டு, குழந்தைக்கு ஊட்டுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பதைப் போல! வெரைசான் விஷயத்தில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் எஃப்.சி.சி. தலையிட்டது. அந்தக் கம்பெனி 2008-இல் ஏலம் எடுத்த ஓர் அலைவரிசைக்கு, வாடிக்கையாளர் விரும்பும் சாதனங்களையும் செயலிகளையும் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. டெதரிங் செயலிகளை அது தடுக்கச் செய்தது என்ற விவகாரத்தில், 2012 ஜூலையில் 12.5 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அளவுத் திட்டம் வாங்கியவர்கள் தனிக் கட்டணமின்றி டெதரிங் செய்யலாம் என்று ஆயிற்று. அளவில்லாத் திட்டக்காரர்களுக்கு மட்டும் கட்டணம் தொடர்ந்தது. நம் ஓட்டல் நியாயமும் ஆணையத்தின் நியாயமும் ஒன்றாகவே இருப்பதைக் கண்டு எனக்கு ஒரு சந்தோஷம்.

இதெல்லாம் சினிமா பார்க்கிறவர்களின் சில்லறைச் சண்டை என்று எண்ணுகிறவர்கள் 2018-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் வட கலிபோர்னியாவில் மென்டசினோ பகுதியில் மூண்ட காட்டுத் தீ நாலரை லட்சம் ஏக்கருக்கு மேல் அழித்தது. அதுவரை அந்த மாநிலம் கண்டவற்றில் அதுவே பெரியது. அணைக்கும் படைகளை ஒருங்கிணைக்க, சாண்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் தகவல்தொடர்பு வண்டி ஒன்று அங்கே நின்றது. அதற்கு வெரைசானின் ‘அன்லிமிடெட்’ இணைப்பு. 25 ஜி.பி. தாண்டியதும் வேகம் இருநூறில் ஒரு பங்காக விழுந்துவிட்டது என்று அத்துறையின் தலைவர் பிரமாண வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். கட்டை எடுக்கச் சொல்லிக் கேட்டால், அதிக விலைத் திட்டத்துக்கு மாறும்படி பதில் வந்தது. தீயணைப்பு வீரர்கள் தங்கள் சொந்தப் போன்களையும் மற்றத் துறைகளின் இணைப்புகளையும் கொண்டு சமாளித்தார்கள். அவசர காலத்தில் அந்தக் கட்டை நீக்கியிருக்க வேண்டும், தங்கள் ஊழியர் தரப்பில் தவறு நேர்ந்துவிட்டது என்று கம்பெனி பின்னால் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால், “உங்களுக்கு 25 ஜி.பி.தான்” என்று திட்டத்தின் பெயரிலேயே எழுதியிருந்தால், அந்தத் துறை முன்னதாகவே வேறு ஏற்பாடு செய்துகொண்டிருக்குமே! பொய்ச் சொல்லின் ஆபத்து அதுதான். இல்லை என்று தெரிந்தால் மனிதன் வேறு வழி தேடுகிறான். இருக்கிறது என்று நம்புகிறவன் தீயின் முன்னால் போய் நின்ற பிறகுதான் கையை விரித்துப் பார்க்கிறான்.

கைவிட்ட அந்தச் சொல்லை அதே கம்பெனிகள் 2016, 2017-இல் மறுபடியும் எடுத்துக்கொண்டன. 2017 பிப்ரவரியில் வெரைசான் கொண்டுவந்த அளவில்லாத் திட்டத்தில், முழு வேக ஹாட்ஸ்பாட்டுக்கு 10 ஜி.பி. என்று எல்லை, போனிலும் 22 ஜி.பி. தாண்டினால் நெரிசலில் பின்வரிசை. நம் நாட்டு விளம்பரங்களிலும் ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லும் ‘நாளொன்றுக்கு 2 ஜி.பி.’ என்ற எண்ணும் அருகருகே கூச்சமின்றி உட்கார்ந்திருக்கின்றன. அளவு தீர்ந்த பிறகு பல திட்டங்களில் விநாடிக்கு 64 கிலோபிட் வேகம். 2 எம்.பி. புகைப்படம் ஒன்று வந்து சேர நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகும். டேட்டாவுக்கு அளவில்லை என்பது மெய்தான். ஆனால் அதைப் பெறுவதற்கு நமக்கு அளவில்லாத ஆயுள் வேண்டும்.

விற்கிறவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. அளவுச் சாப்பாடு என்று எழுதிய கடையை விட்டுவிட்டு, அளவில்லை என்று எழுதிய கடைக்குள் நுழைகிறவர்கள் நாம்தானே? எண்ணி எண்ணிச் செலவு செய்தே வாழ்நாள் கழிகிற நடுத்தரக் குடும்பத்துக்கு, ஒரு விஷயத்திலாவது கணக்குப் பார்க்காமல் இருக்கலாம் என்பது எத்தனை பெரிய ஆறுதல்! அந்த ஆசை இழிவானது அல்ல. அந்த ஆசையை அறிந்துதான் அந்தச் சொல்லை நமக்கு விற்கிறார்கள்.

மாவலியின் கதை நமக்குத் தெரியும். மூன்றடி மண் என்று அளந்து கொடுத்த வாக்கு, கொடுத்த பிறகு அளவில்லாததாக வளர்ந்து நின்றது. குரு தடுத்தும் அவன் சொல்லை மாற்றவில்லை. மூன்றாம் அடிக்குத் தலையைக் கொடுத்தான். இந்தக் காலத்து வியாபாரம் அந்தக் கதையைத் தலைகீழாக நடத்துகிறது: அளவில்லாததைக் கொடுப்பதாகச் சொல்லி, மூன்றடியை அளந்து கொடுக்கிறது. மாவலியைப்போல் தலையைக் கொடுக்கும்படி எந்தக் கம்பெனியையும் நான் கேட்கவில்லை. மூன்றடியைத்தான் விற்கிறோம் என்று பலகையில் எழுதட்டும். வேண்டுமென்றால் வாங்கிக்கொள்கிறோம், போதாதென்றால் வேறு கடை பார்க்கிறோம். சாப்பாட்டுக் கடை வாசலில் ‘அளவுச் சாப்பாடு’ என்று எழுதி வைத்திருக்கிறவர் அதனால் வியாபாரம் கெட்டுப்போய்விடவில்லை. அந்தப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போகிறவனும் பசியோடு ஏமாந்து திரும்புவதில்லை.