சந்தேகம் வேறு, சரிபார்த்தல் வேறு

வியாபாரிக்கு மூலதனம் இரண்டு. ஒன்று கல்லாவில் இருப்பது. மற்றொன்று நாவில் இருப்பது. கல்லாவில் இருப்பது குறைந்தால் கடன் வாங்கியேனும் நிரப்பிக்கொள்ளலாம். நாவில் இருக்கும் நாணயம் போய்விட்டால் அதைக் கடனாகக் கொடுப்பார் உலகில் யாருமில்லை. நாகூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நம் முன்னோர், வாய்ச் சொல்லையே பத்திரமாக மதித்துக் கொடுக்கல் வாங்கல் செய்து பேர் எடுத்தார்கள். அந்த வாய்ச் சொல்லைத்தான் இன்று ஒரு கூட்டம் டெலிபோன் வழியாகக் களவாட வந்திருக்கிறது.

அது நடக்கும் விதம் நம்மில் பலர் அறிந்ததே. டெலிபோன் மணி அடிக்கிறது. "மின்சாரக் காரியாலயத்திலிருந்து பேசுகிறோம். உங்கள் வட்டாரத்தில் கட்டணம் ஏறப்போகிறது. இன்று மாலைக்குள் புதிய கம்பெனிக்கு மாறிக்கொண்டால் மாதந்தோறும் மிச்சமாகும். கடைசி பில்லில் உள்ள கணக்கு எண்ணையும் உங்கள் அடையாள அட்டை எண்ணையும் சொல்லுங்கள்" என்கிறது ஒரு குரல். குரலில் பணிவு இருக்கிறது. ஐயா என்றும் அம்மா என்றும் அழைக்கிறது. கடையில் கூட்டமாக இருக்கும் நேரத்தில் வியாபாரி, பேச்சு முடிந்தால் போதும் என்று "சரி, சரி" என்கிறார். வீட்டில் தனித்திருக்கும் வயதான தாயாரோ, மகனுக்குச் செலவு குறையட்டுமே என்று கேட்டதையெல்லாம் சொல்லிவிடுகிறார்.

இங்கேதான் ஒரு தர்மசங்கடம் எழுகிறது. பிறரைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளவேண்டும், காரணமின்றிச் சந்தேகிப்பது பாவம் என்று சிறு வயது முதல் நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. வந்தவரிடம் முகம் சுளிக்கலாகாது என்பது கடைக்காரர் கற்கும் முதற் பாடம். அப்படியிருக்க, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே டெலிபோனை வைத்துவிடுவது பண்பாகுமா? முகமறியாத ஒருவரைப் பொய்யர் என்று எண்ணுவது தகுமா? நல்லவர்கள் பலர் இந்த வலையில் விழுவது பேராசையினால் அன்று, இந்தத் தயக்கத்தினால்தான். ஆகவே இக்கேள்வியை ஒதுக்கிவிடாமல் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமை.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். சிங்கப்பூரில் மின்சாரச் சில்லறை வியாபாரம் 2001-ஆம் ஆண்டு முதல் பெரிய நிறுவனங்களுக்குப் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டது. வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் 2018 ஏப்ரலில் ஜூரோங் வட்டாரத்தில் முன்னோட்டமாகத் தொடங்கி, அவ்வாண்டு நவம்பர் முதல் வட்டாரம் வட்டாரமாக விரிந்து, 2019 மே மாதத்தில் தீவு முழுவதையும் எட்டியது. ஏறத்தாழ 14 லட்சம் கணக்குதாரர்களுக்கு இவ்வுரிமை கிடைத்தது. அது உரிமையே அன்றிக் கட்டாயமன்று. விரும்பியவர் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற கம்பெனி ஒன்றிடம் வாங்கலாம். விரும்பாதவர் முன்போலவே எஸ்பி குழுமத்திடம் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் வாங்கலாம். யாரிடம் வாங்கினாலும் அதே கம்பி, அதே மின்சாரம். மாறுவது பில்லும் விலையும்தான்.

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து உற்பத்தியாகிறது. 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை கடுமையாக ஏறியபோது, கம்பெனிகள் சில தாக்குப்பிடிக்க இயலாமல் கடையைக் கட்டின. அப்போதும் அவற்றின் வாடிக்கையாளர் வீடுகளில் விளக்கு அணையவில்லை. கணக்குகள் எஸ்பி குழுமத்துக்கோ வேறு கம்பெனிக்கோ மாற்றப்பட்டன. விற்றவரே விலகியபோதும் விளக்கு எரிந்தது என்றால், "இன்று மாலைக்குள் மாறாவிட்டால்" என்று அவசரப்படுத்தும் பேச்சுக்கு என்ன பொருள்? நம்மைச் சிந்திக்கவிடக் கூடாது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. மலேசியத் தீபகற்பத்திலோ, வீட்டுக்காரர் மின்சார விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும் முறையே கிடையாது. கம்பெனி மாற்றித் தருவதாக அங்கே ஒருவன் அழைத்தால், அவனுடைய முதற் சொல்லே பொய்.

இனி, வியாபாரம் என்பது எப்போது வியாபாரம் ஆகிறது என்று பார்ப்போம். இருவர் மனமொப்பிச் செய்வதே வியாபாரம். நாவிலிருந்து "ஆம்" என்ற ஓசை வந்துவிட்டால் மட்டும் மனம் ஒப்பியதாகிவிடாது. என்ன விலை, எத்தனை மாதம், வைப்புத் தொகை எவ்வளவு, இடையில் விலகினால் தண்டம் எவ்வளவு என்பவற்றை அறிந்தபின் சொல்லும் "ஆம்" ஒன்றே சம்மதம். கடைவீதியில் ஈரமான தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே பரப்பி வைத்திருந்த ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாற்றை அறியாத வியாபாரி நம்மில் இருக்கமாட்டார். "மாதந்தோறும் மிச்சம்" என்பது மேலே பரப்பிய காய்ந்த தானியம்; 24 மாத ஒப்பந்தமும் விலகல் தண்டமும் அடியில் மறைத்த ஈரம். இதனை உணர்ந்துதான், ஒப்பந்தம் செய்யுமுன் முக்கிய நிபந்தனைகளைச் சுருக்கிக் காட்டும் தகவல் தாளை வாடிக்கையாளருக்குத் தரவேண்டும் என்று சிங்கப்பூரில் விதி செய்திருக்கிறார்கள். அத்தாளைக் காட்டாமல் கேட்கும் "ஆம்" எதுவும் அடியைக் காட்டாத குவியல்தான்.

இத்தீமை நம் ஊரோடு நிற்பதன்று. பிரிட்டனில் வீடுகளுக்கான மின்சாரச் சந்தை 1990-களின் இறுதியிலேயே திறக்கப்பட்டது. வாசலிலும் கடைகளிலும் டெலிபோனிலும் தவறான தகவல் கூறி வாடிக்கையாளர்களைப் பிடித்ததற்காக, எஸ்.எஸ்.இ. என்னும் பெரிய கம்பெனிக்கு 2013-ஆம் ஆண்டு 1 கோடியே 5 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ, மின்சாரக் கம்பெனிகள் கேளாமலே வீடு தேடி வந்தும் டெலிபோனில் அழைத்தும் விற்பதையே 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்துவிட்டது. பிரிட்டனில் அபராதம் கட்டியது கம்பெனி என்பதை நாம் கவனிக்கவேண்டும். பேசியவன் கமிஷன் ஆள். ஆயினும் அவனை அனுப்பிய முதலாளி, "ஆள் செய்த பிழை" என்று கை கழுவ முடியவில்லை.

கமிஷனுக்காக உண்மையை மறைப்பவர் ஒரு வகை. மற்றொரு வகையார் இவர்களிலும் கொடியவர்கள். அவர்களிடம் விற்பதற்கு எதுவுமே இல்லை. மின்சாரம் என்பது அவர்களுக்கு வாசற்கதவைத் தட்ட ஒரு சாக்கு. அடையாள அட்டை எண், வங்கி விவரம், கைப்பேசிக்கு வரும் ரகசிய எண் ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு கணக்கைத் துடைத்துவிடுவதே அவர்கள் தொழில். சிங்கப்பூரில் 2024-ஆம் ஆண்டில் பலவகை மோசடிகளில் மக்கள் இழந்த தொகை குறைந்தது 110 கோடி வெள்ளி என்று போலீஸ் துறை அறிவித்தது. அழைப்பவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று குரலைக் கொண்டு நம்மால் அறிய முடியாது. நேர்மையான விற்பனையாளரும் அதே குரலில்தான் பேசுவார்.

அப்படியானால் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதுதானா? நம் பணமாற்று வியாபாரிகளைப் பாருங்கள். ராபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்திலும் சிராங்கூன் சாலையிலும் நம்மவர் நடத்தும் கடைகளில், பெட்டியடியில் இருப்பவர் வாடிக்கையாளர் நீட்டும் நோட்டைத் தடவிப் பார்க்கிறார். விளக்கொளியில் பிடித்துப் பார்க்கிறார். பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். இருபது வருஷ வாடிக்கையாளரின் நோட்டையும் அப்படியே பார்க்கிறார். எவரேனும் "என்னைக் கள்ளன் என்கிறாயா?" என்று சண்டைக்கு வந்ததுண்டா? இல்லை. ஏனெனில் அவர் சோதிப்பது நோட்டையே அன்றி மனிதரை அன்று. கள்ள நோட்டு நல்லவர் கையிலும் வந்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும்.

நல்லெண்ணம் என்பது மனிதரைப் பற்றியது. சரிபார்த்தல் என்பது அவர் கொண்டுவந்த சொல்லைப் பற்றியது. முன்னது மனத்தின் கடமை. பின்னது அறிவின் கடமை. "நீங்கள் உண்மையே சொல்லலாம், ஆனால் நான் டெலிபோனில் எதற்கும் சம்மதம் சொல்வதில்லை. தாளில் எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லும்போது, அழைத்தவர் மீது நாம் எந்தக் குற்றமும் சுமத்தவில்லை. நேர்மையானவருக்கு இதனால் நஷ்டமில்லை, தாளை அனுப்புவார். கோபப்படுபவரும் அவசரப்படுத்துபவரும் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

"பேசுகிறவன் ஏழைப் பையனாக இருக்கலாமே, அவன் பிழைப்பைக் கெடுக்கலாமா?" என்று இரக்கமுள்ளவர் கேட்கலாம். இரக்கம் நல்லதே. கம்போடியாவிலும் மியன்மார் எல்லைப் புறங்களிலும் வேலை தருவதாக ஆசை காட்டி அழைத்துச் செல்லப்பட்டு, அடைத்து வைக்கப்பட்டு, மோசடி அழைப்பு வேலையில் வருத்தப்படுவோர் உண்டு என்பதும் மெய்தான். ஆனால் நம் அடையாள அட்டை எண்ணைக் கொடுப்பதால் அப்படிப்பட்டவனின் விலங்கு கழன்றுவிடுமா? அவனை அடைத்து வைத்திருப்பவனின் பெட்டிதான் நிரம்பும். அந்த வியாபாரத்துக்கு வரும்படி இல்லாமற் செய்வதே அவனுக்கும் நாம் செய்யும் உபகாரம். ஆகவே கடுஞ்சொல் வேண்டாம், பரிகாசமும் வேண்டாம். ஒரு வாக்கியத்தில் மறுத்துவிட்டு டெலிபோனை வைப்பது பண்புக்குக் குறைவன்று.

இன்னொரு விஷயம் மிக முக்கியம். ஏமாந்தவரை நாம் எப்படி நடத்துகிறோம்? "இத்தனை வருஷம் வியாபாரம் பண்ணியும் இது தெரியவில்லையா?" என்று சிரிக்கிறோம். வீட்டில் தாயாரையோ மனைவியையோ கடிந்துகொள்கிறோம். விளைவு என்ன? அடுத்த முறை அவர்கள் சொல்லாமல் மறைக்கிறார்கள். மறைத்த ஒவ்வொரு நாளும் திருடனுக்கு லாபம். வங்கியைக் கூப்பிட்டுப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பும் கைநழுவிப் போகிறது. நம்பியதால் ஏமாந்தவர் மீது குற்றமில்லை. குற்றம் நம்பிக்கையை விற்றவன் மீது. சந்தையில் ஒரு கள்ள நோட்டு பிடிபட்டால் பக்கத்துக் கடைக்கும் சொல்லி வைக்கிறோமே, அதுபோல மோசடி அழைப்பு வந்தாலும் சொல்லி வைப்பதே முறை. ஏமாந்தவர் வெட்கமின்றிப் பேசக்கூடிய இடமாக நம் வீடும் கடையும் சங்கமும் இருக்கவேண்டும்.

கடைசியாக, நம்மையும் சற்றுப் பார்த்துக்கொள்வோம். நாமும் விற்பவர்கள்தாம். நம் கடைப் பையன் சரக்கின் குறையை மறைத்து விற்றால், "அவன் கெட்டிக்காரன்" என்று தட்டிக்கொடுக்கிறோமா, கண்டிக்கிறோமா? தவணைக்கு விற்கும்போது மொத்தத் தொகையைச் சொல்கிறோமா, மாதத் தொகையை மட்டும் சொல்கிறோமா? மின்சாரக் கம்பெனியின் ஆளிடம் எதை மோசடி என்கிறோமோ, அது நம் பெட்டியடியில் நடந்தால் சாமர்த்தியம் ஆகிவிடாது.

செய்யவேண்டியவை சிலவே. எவர் அழைத்தாலும் கணக்கு எண், அடையாள அட்டை எண், ரகசிய எண் ஆகியவற்றை டெலிபோனில் சொல்லக்கூடாது. மாற விரும்பினால் நாமே விலைகளை ஒப்பிட்டு, உரிமம் பெற்ற கம்பெனியை நாமே அழைக்கவேண்டும். 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் அழைப்புகளில் கூட்டல் குறி முன்னால் நிற்கும்; உள்ளூர்க் காரியாலயம் என்று சொல்லிக்கொண்டு அக்குறியோடு வந்தால் எச்சரிக்கை கொள்க. 2014 முதல் நடப்பில் உள்ள அழைக்கவேண்டாப் பதிவேட்டில் எண்ணைப் பதிவு செய்தால் விற்பனை அழைப்புகள் குறையும்; ஆனால் சட்டத்துக்கு அஞ்சாதவன் பதிவேட்டைப் பார்ப்பதில்லை. ஐயம் எழுந்தால் சிங்கப்பூரில் 1799 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் போலீசுக்கும் தெரிவிக்கவேண்டும். மலேசியாவில் 997 என்ற எண் அதற்கென்றே இருக்கிறது. இவற்றை வீட்டிலுள்ள முதியோருக்கு இன்றிரவே, கடிந்துகொள்ளாமல், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

சகோதரர்களே! வாக்கு என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கேட்டவருக்கெல்லாம் அதை எடுத்துக் கொடுப்பது தாராளமன்று, காத்துக்கொள்வது கஞ்சத்தனமுமன்று. "ஆம்" என்று சொல்லத் தகுந்த இடம் அறிந்து சொல்லும் வியாபாரியின் "ஆம்"-க்கே சந்தையில் மதிப்புண்டு.