அளவையும் வயதும்

 

நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்ட 2019 மார்ச்சிலே, நெகிரி செம்பிலான் முப்தி அவர்கள் ‘பப்ஜி’ எனும் சுடும் விளையாட்டைத் தடைசெய்யக் கோரினார்கள். ஜூனில் ஆச்சே உலமாக்கள் அதை ஹராமென்றனர். அந்தப் பதற்றம் இன்று எங்கே?

இத்தகைய விளையாட்டு கொலைக்குத் தூண்டுமா என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். ஆயினும் நம் கடமையில் ஐயமில்லை. அமெரிக்காவில் 1994 முதல் விளையாட்டுகளுக்கு வயதுக்குறி இடுகிறார்கள். அக்குறியும் ஓர் அளவையே! பீடோர்க் கடைத்தெருவில் பாலகன் ஒருவன் டாப்-அப் கேட்டு வந்தால் வயதை விசாரிக்கிறோமா? நிறுவையில் மோசஞ் செய்வோருக்குக் கேடென எச்சரிக்கிறது திருக்குர்ஆன். பெரியவர்களுக்கெனக் குறித்ததைச் சிறுவனுக்கு விற்பதும் அளவை மோசமே. பிறர் பிள்ளையும் நம்மிடம் அமானிதமல்லவா?

அல்லாஹுத்தஆலா நம் வியாபாரத்தையும் மக்களையும் காத்தருள்வானாக! ஆமீன்.