துவையல் தவசும் தொழில் வாழ்வும்



ஒரத்தநாட்டு வயல்களுக்குக் காவிரித் தண்ணீர் வருவது புது ஆற்றின் வழியே. மேட்டூர் அணை கட்டி முடிந்த 1934-ஆம் ஆண்டை ஒட்டி வந்த கல்லணைக் கால்வாயைத்தான் மக்கள் புது ஆறு என்கிறார்கள். அதற்கு முன் மழையையும் ஏரியையும் நம்பிக் கிடந்த மேட்டு நிலம் அது. ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் பயிர் விளைந்துவிடுமா? வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும். மேல்மடைக்காரர் தம் முறை முடிந்ததும் மடையை அடைத்துக் கீழே தண்ணீர் விட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் கடைமடைப் பயிர் காய்ந்துவிடும்.

மனித வாழ்வும் இப்படித்தான். படிப்பும் திறமையும் ஆற்று நீர். அன்றாட நல்ல பழக்கம் வாய்க்கால். முறையறிந்து விட்டுக்கொடுப்பது உறவு.

அய்யா வைகுண்டர் இதை மக்களின் வாழ்விலேயே செய்து காட்டினார். திருவிதாங்கூரில் ஊழியத்தாலும் வரியாலும் நசுங்கி, தலைப்பாகை கட்டவும் உரிமையற்றுக் கிடந்த மக்களில் எழுநூறு குடும்பங்களை வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தார். நாள்தோறும் மூன்று வேளை குளியல். உடுத்த துணியைத் துவைத்தல். பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த சோறு ஒரு வேளை. எளிய காரியங்கள்தாம். ஆனால் ஒரு நாளும் விடாமல், எல்லோரும் சேர்ந்து செய்தார்கள்.

அவரவர் வீட்டில் இருந்து செய்யும்படி அய்யா ஏன் சொல்லவில்லை? ஒருவர் தனியாக எடுத்த உறுதி மூன்றாம் நாளே சோம்பலிடம் தோற்றுப்போகும். பக்கத்தில் இருப்பவர் விடியலில் குளிக்க எழுந்தால், சோர்ந்து படுத்திருப்பவரும் எழுவார். அங்கே உறவு பழக்கத்தைத் தாங்கியது. தலைகுனிந்து நடந்தவர்கள், தலைப்பாகை கட்டி வணங்கும் மக்களானார்கள்.

இன்று ஒரத்தநாட்டில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பலர். “வேலை கிடைக்கட்டும், பிறகு ஒழுங்காக இருக்கலாம்” என்று மனம் சொல்லும். அது கலியின் பேச்சு. காத்திருக்கும் காலமே தவசுக் காலம். விடியலில் எழுந்து, குளித்து, நாமம் தரித்து, வீட்டு வேலையில் கை கொடுத்து, ஒரு தொழிலைப் பழகும் பிள்ளை, வேலை வரும் நாளில் ஆயத்தமாக நிற்பான்.

டிராக்டர் பட்டறை வைத்திருப்பவர் சொன்ன நாளில் வண்டியைத் திருப்பித் தந்தால், அந்த நாணயமே அவருக்கு முதல். நடவுக்கு வந்த பெண்களுக்கு இருட்டுமுன் கூலி கொடுப்பவரின் வயலுக்கு அடுத்த போகமும் ஆள் வரும். சிங்கப்பூர் போனவர் எத்தகைய நண்பர்களோடு அறையில் தங்குகிறார் என்பதைப் பொறுத்தே, சம்பளம் வீடு வந்து சேரும். அல்லது குடியில் கரையும்.

நல்ல பழக்கம் உள்ளவருக்குத் துன்பமே வராதா? வரும். பயிர் பொய்க்கும்; கைக்கு எட்டிய வேலை நழுவும். வாகைப்பதியில் தவசிருந்தவர்களுக்கும் துன்பம் வந்தது. தவசு முட்டப்பதிக்கு மாறித் தொடர்ந்ததே தவிர, கைவிடப்படவில்லை. அதுபோல, ஒரு தொழில் கைவிட்டாலும் ஒழுக்கத்தைக் கைவிடலாகாது. அவ்வேளையில், முன்பு இவர் தாங்கிய ஒருவர் வந்து இவரைத் தாங்குவார்.

மெலிந்தவரைத் தாங்குவதே அய்யா காட்டிய தர்மம். ஆகவே, சம்பாத்தியம் எவ்வளவு உயர்ந்தாலும், அதில் ஒரு பங்கு கீழே இருப்பவருக்குப் போய்ச் சேராவிட்டால், அது மேல்மடையிலேயே தேங்கி அழுகும் தண்ணீர்தான்.

நிழல் தாங்கலின் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நிற்பவர் தம்மிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும்: இன்றைய வேலை சுத்தமாக முடிந்ததா? கடைமடைக்குத் தண்ணீர் போனதா?

அய்யா உண்டு!