மூடிய ஓட்டுக்குள்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு சேரும் கழிமுகத்தில், கோடையில் தண்ணீர் கடல்நீரைப் போலவே கரிக்கும். கிலோவுக்கு 35 கிராம் வாக்கில் உப்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பெருவெள்ளம் வந்தால் அதே இடம் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். மீன் விலகிப் போய்விடும். பாறையில் ஒட்டிக்கொண்ட சிப்பி எங்கே போகும்?

ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பொறுமைக்குச் சிப்பியை உதாரணம் காட்டுகிறோம். உள்ளே நடப்பது அவ்வளவு சாந்தமான காரியம் இல்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் சேமித்த கிளைக்கோஜனைக் கரைத்துக் காலம் தள்ளுகிறது. அப்போது உடலில் அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தை முறிக்கத் தன் ஓட்டின் சுண்ணாம்பிலேயே கொஞ்சத்தைக் கரைத்துக்கொள்கிறது.

என்றைக்காவது திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால், அதன் ரத்தம் வெளித்தண்ணீரின் உப்பு அளவுக்கே இறங்கிவிடும். மீனைப் போல அதைத் தனியாகக் காத்துக்கொள்ளச் சிப்பிக்குத் தெரியாது. செல்லுக்குள் கரைந்திருப்பவை அதிகம், வெளியே குறைவு. எனவே தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் வீங்கும். வெடிக்காமல் தப்பிக்க டாரின், கிளைசின் போன்ற அமினோ அமிலங்களை வெளியே தள்ளுகிறது. வெள்ளத்துக்குப் பயந்து விதைநெல்லை ஆற்றில் கொட்டுகிற மாதிரிதான். உப்பு திரும்பும்போது எல்லாவற்றையும் மறுபடி சேர்த்தாக வேண்டும். அலனின் சீக்கிரம் கூடிவிடும். டாரின் மெல்லத்தான் ஏறும்.

இதற்கிடையில், நிலைகுலைந்த புரதங்களைப் பிடித்துத் திரும்ப மடித்து வைக்கிற வேலை வேறு. பசிபிக் சிப்பியின் மரபணுத் தொகுப்பு 2012இல் வெளியானபோது, இந்த வேலைக்கான எச்எஸ்பி70 வகை மரபணுக்கள் மட்டும் 88 இருந்தன. மனிதனுக்குச் சுமார் 17. அலையேற்றமும் ஆற்றுவெள்ளமும் எப்படிப்பட்ட குடியிருப்பு என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. இத்தனையும் செலவு. வாய் மூடிய நாளில் இரையோ ஒரு துளியும் கிடையாது.

அதனால் எவ்வளவு நல்ல தண்ணீர் வந்தது என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த மாதத்தில், எத்தனை நாள் என்றும் கேட்க வேண்டும். வெள்ளாற்றில் வெள்ளம் வெயில் தணிந்த காலத்தில் வருகிறது, பிறகு வடிந்தும் விடுகிறது. 2019இல் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு பெருகியபோது, நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காக்க போனே கேரே மதகுகளை இரண்டு தடவை, மொத்தம் 123 நாள் திறந்து, ஆற்றின் நல்ல தண்ணீரைக் கடலோரப் பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். இரண்டாவது தடவை மே முதல் ஜூலை வரை. சூடான தண்ணீரில் உடலின் செலவு கூடும், கிளைக்கோஜன் வேகமாகத் தீரும், மூடிக்கிடக்கும் அவகாசமும் சுருங்கிவிடும். குளிரில் வாரக்கணக்கில் தாங்கியிருக்கக்கூடிய உப்புக்குறைவு அங்கே உயிரைக் குடித்தது. மிசிசிப்பி மாநிலக் கடலோரப் படுகைகளில் 90 சதவீதத்துக்கு மேல் சிப்பிகள் செத்துப்போயின. செப்டம்பரில் மத்திய அரசு அதை மீன்வளப் பேரிடர் என்று அறிவித்தது.

நகரத்தைக் காப்பாற்றியதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வருஷச் சராசரி உப்பைக் கணக்குப் போட்டுக் காட்டி, "இதைச் சிப்பி தாங்கும்" என்று யாராவது அறிக்கை எழுதினால், அதை நம்பமாட்டேன்.