மேகத்தை அளந்த பகடை

2014 டிசம்பர் 1. ஊட்டியில் இடிமழை. அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் கருவிகளில் விண்கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கும் மியூவான் துகள்களின் வரத்து 18 நிமிடம் குறைந்தது. குறைவு 2 சதவீதம்தான். இடிமேகத்தின் மின்னழுத்தமே காரணம்; ஆனால் அது எவ்வளவு என்று அந்த மேகத்துக்குள் போய் அளக்க வழியில்லை. அதனால் ஆய்வாளர்கள் கணினிக்குள்ளேயே ஒரு வளிமண்டலத்தை உருவாக்கினார்கள், ஜெர்மனியில் பிறந்த ‘கோர்சிகா’ மென்பொருளைக் கொண்டு. விண்ணிலிருந்து ஒரு புரோட்டான் நுழைகிறது, காற்றில் மோதிச் சிதறுகிறது, சிதறியவையும் மோதுகின்றன. ஒவ்வொரு மோதலின் விளைவையும் பகடை உருட்டித்தான் முடிவு செய்கிறது கணினி. சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டே கார்லோவின் பெயரையே இந்த முறைக்கு வைத்தவர்கள் குறும்புக்காரர்கள்! மேகத்தின் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி ஓட்டியதில், 130 கோடி வோல்ட்டில் அந்த 2 சதவீதக் குறைவோடு கணக்கு பொருந்தியது. அதுவரை பலூன் விட்டு அளந்ததில் உச்சம், 13 கோடி.