மின்சார வண்டியும் ஜீர்ணோத்தாரணமும்

கிளிநொச்சிக்குத் தென்மேற்கே, அக்கராயனை அடுத்து, முருகப்பெருமானின் திருநாமத்தைத் தாங்கி நிற்கும் ஸ்கந்தபுரத்தில், வயலும் தோட்டமும் பாடசாலையும் சந்தையும் ஒன்றுக்கொன்று தூரமாய்க் கிடப்பதனால், வாகனம் ஜீவனத்தின் ஓர் அங்கமாகவே அமைந்துவிட்டது. அத்தகைய ஊரில் ஒரு குடும்பம் மின்சார மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும்போது எழுகின்ற கேள்வி, வரவு செலவுக் கணக்கோடு முடிந்துவிடுவதில்லை. பழுதடைந்த பொருளைத் திருத்திக்கொள்ளும் வழி உடையவனுக்கு அடைக்கப்பட்டிருந்தால், அப்பொருள் அவனுக்கு உரியதுதானா, அன்றி விற்றவனிடமிருந்து சில ஆண்டுகளுக்கு இரவலாகப் பெற்றதா என்பதும், மனிதன் தான் ஆக்கும் பொருள்களின்பால் கடைப்பிடிக்க வேண்டிய தர்மம் யாது என்பதும் அக்கேள்வியினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன.

ஸ்கந்தபுரம் அமைந்துள்ள வன்னியின் மக்கள், திருத்திப் பயன்கொள்ளும் இத்தர்மத்தை நூல்களில் படித்து அறிந்தவர்கள் அல்லர். 1990ஆம் ஆண்டின் பின், போர் காரணமாகப் பெற்றோலும் பற்றரியும் வடபகுதிக்கு வருவது தடுக்கப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்யும் வித்தையை அவர்கள் கண்டார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். 1996இல் கிளிநொச்சி நகரம் வெறிச்சோடி, அதன் மக்களிற் பெருந்தொகையினர் அக்கராயனிலும் ஸ்கந்தபுரத்திலும் வந்து தங்கியபோது, அரிசி மூட்டையையும் நோயாளியையும் சுமந்தவை பெரும்பாலும் துவிச்சக்கர வண்டிகளே. சங்கிலியும் போல்சும் அச்சும் கண்ணுக்குத் தெரிய இருந்ததனாலும், ஒரு ஸ்பானரும் சிறிது பொறுமையும் உள்ளவன் எவனும் அவற்றைக் கழற்றிப் பூட்டக்கூடியதாக இருந்ததனாலுமே அவ்வண்டிகள் அத்தனை துன்பத்தினூடும் ஓடின. பின்னர் 2022 ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாகி, அதுவும் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிக் கிடையாதென்றான நாட்களில், மூலையிற் சாத்தியிருந்த சைக்கிள்கள் நாடெங்கும் வெளியே வந்தன. மின்சார வண்டியின்மேல் மக்களுக்கு ஆசை வளர்ந்ததும் அப்பொழுதுதான்.

அந்த ஆசை நியாயமானதே. 48 வோல்ற்று, 20 அம்பியர் மணி அளவுள்ள பற்றரித் தொகுதி ஒன்றை முழுமையாக ஏற்றுவதற்கு, இடையில் வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிற் மின்சாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே செலவாகும். புகையில்லை, எண்ணெய் மாற்றும் வேலையுமில்லை. ஆயினும், பெற்றோல் வண்டிக்காரன் லீற்றர் லீற்றராகக் கொடுத்துக்கொண்டு போகும் பணத்தின் பெரும்பங்கை, மின்சார வண்டிக்காரன் பற்றரி மாற்றும் ஒரே நாளில் மொத்தமாக எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. காலபோக அறுவடைக்கும் சிறுபோக அறுவடைக்கும் இடையே கையில் காசில்லாத கமக்காரனுக்கு இந்த வேறுபாடு அற்பமானதன்று. வெப்பம் 10 பாகை உயருந்தோறும் ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது அத்தொழிலில் உள்ளோர் அறிந்த கணக்கு. வன்னியின் சித்திரை வெயிலோ எவருக்கும் சலுகை காட்டுவதில்லை.

ஈயப் பற்றரிகளாயின், தொகுதியிலுள்ள நான்கில் எது தளர்ந்தது என்று ஊர்க் கராஜிலேயே அளந்து பார்த்துவிடலாம். லித்தியத் தொகுதியின் கதை வேறு. அதில் பல சிறு கலங்கள் நிக்கல் தகடுகளால் ஒட்டுவைக்கப்பட்டு, அவற்றைக் கண்காணிக்கும் மின்சுற்று ஒன்றோடு ஒரே பெட்டியில் அடைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசைக் கலங்கள் குறித்த அளவுக்குக் கீழே தளர்ந்தாலும், மற்றவை நலமாயிருக்க, அச்சுற்று முழுத் தொகுதியையும் நிறுத்திவிடுகிறது. பெட்டி பசையால் மூடப்பட்டதாகவும், கொன்ட்ரோலர் பிசினுக்குள் புதைக்கப்பட்டதாகவும், சுற்றின் வரைபடம் எவர் கைக்கும் எட்டாததாகவும் இருந்துவிட்டால், சிறு பழுதுக்காகப் பெரும்பொருள் இழக்க நேரிடுகிறது. எல்லா மூடுதலும் வஞ்சகம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியில்லாத கை பட்ட லித்தியக் கலம் தீப்பற்றி உயிரையே கொண்டுபோகலாம். மழையும் புழுதியும் உட்புகாமலும் காக்கத்தான் வேண்டும். ஆனால் காப்பதற்காக மூடுவது வேறு. திறக்கவே கூடாதென்று மூடுவது வேறு.

தோன்றியவை யாவும் அழிவன. அநித்தியமான வண்டிக்காக இத்தனை விசாரம் எதற்கு என்று ஒருவர் வினவக்கூடும். சக்கரமா, அச்சா, நுகமா, எது தேர் என்று மிலிந்த மன்னனைக் கேட்ட பௌத்தத் துறவி நாகசேனரும், உறுப்புகளின் சேர்க்கைக்கு அப்பால் தேர் என்று தனியே ஒன்றில்லை என்றே காட்டினார். சைவ சித்தாந்தமோ உலகத்தைப் பொய்யென்று தள்ளுவதில்லை. உடம்பும் கருவிகளும் உலகமும் நுகர்பொருள்களும் ஆன்மா பக்குவமடைவதற்காக இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்து உபகரித்தவை. அவை அழியும், எனினும் பயனுள்ள காலமெல்லாம் மெய்யாகவே பயன் செய்யும் என்பது அதன் கொள்கை. அப்படியாயின், உபகரணம் ஒன்றை அதன் இயல்பான முடிவுக்கு முன்னரே அழிய விடுவது, உபகாரத்தை அவமதிப்பதாகும். கலத்தின் இரசாயனம் தேய்வது இயற்கையின் நியதி. திருத்தலாகாதபடி பெட்டியை மூடுவது மனிதனின் சங்கற்பம். அதற்கு அநித்தியத்தைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

நமது ஆலய மரபு இவ்விஷயத்தில் சொல்லும் சாட்சியம் எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. என்றென்றும் நிலைத்திருக்க வேண்டுமென்று பிரதிஷ்டை செய்யப்படும் மூல மூர்த்தியைப் பீடத்தோடு பிணைப்பது, கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த அஷ்டபந்தனம் என்னும் சாந்து. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்வது வழக்கம். கருங்கல்லை வேண்டியவாறு கையாளத் தெரிந்த ஸ்தபதிகளைக் கொண்டிருந்த ஒரு மரபு, தெய்வத் திருமேனியையே மீண்டும் எடுத்துச் சாத்தத்தக்க முறையில் அமைத்தது. திருப்பணி நடக்கும்போது இறைவனுக்குப் பாலாலயம் அமைத்துப் பூசை இடையறாதபடி பார்த்துக்கொண்டது. பழுதுற்ற கோயிலைப் புதுக்கும் ஜீர்ணோத்தாரணம், புதுக்கோயில் எடுப்பதினும் மேலான புண்ணியம் என்று போற்றப்பட்டது. போரினால் இடிந்த தம் ஊர்க் கோயில்களை மீண்டும் எழுப்பிய வன்னி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தெய்வத்தின் இருப்பிடத்துக்கே தேய்வும் திருத்தமும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்க, மனிதன் ஏறிச் செல்லும் வண்டிக்கு மட்டும் திருத்தம் மறுக்கப்படுவானேன்?

விற்பவன் பொருளின் ஆயுளை அறிந்திருந்தும் வாங்குபவனுக்குச் சொல்லாமல் விடுவது, பிறர் பொருளைக் கவராமை என்னும் விரதத்துக்கு இழுக்கென்றே நான் கருதுகிறேன். திருத்திக்கொள்ளும் உரிமையோ வேறு தேசங்களில் சட்டமாகவும் உருப்பெற்றுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பற்றரி ஒழுங்குவிதிகளின்படி, 2027 பெப்ரவரி 18 முதல், மின்சார சைக்கிள் போன்ற சிறு வாகனங்களின் பற்றரித் தொகுதியையும் அதனுள்ளிருக்கும் தனித்தனிக் கலங்களையும், உற்பத்தியாளரைச் சாராத தொழில்வல்லுநர் ஒருவர் கழற்றி மாற்றக்கூடியதாக இருத்தல் வேண்டும். அந்த மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் 5 ஆண்டுகளுக்கு மாற்றுப் பற்றரி நியாயமான விலையில் கிடைத்தல் வேண்டும். மென்பொருளால் பற்றரி மாற்றுதலைத் தடுத்தலும் ஆகாது. செத்த பற்றரியைத் திரும்பப் பெறும் பொறுப்பும் உற்பத்தியாளருடையதே.

இலங்கையில் 2020 முதல் இருந்துவந்த வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தளர்ந்திருக்கிறது. வந்திறங்கும் ஒவ்வொரு மின்சார வண்டியோடும் அதன் சுற்று வரைபடமும், கலங்களின் வகையும் விலையும், திருத்துவோருக்கான எச்சரிக்கைகளும் தமிழிலும் சிங்களத்திலும் வந்து சேர வேண்டுமென்று கேட்பதற்கு இதுவே தக்க தருணம். செத்த பற்றரியின் ஈயத்துக்குப் பழைய இரும்புக்காரரிடம் விலையுண்டு; லித்தியப் பெட்டியை ஸ்கந்தபுரத்தில் வாங்குவார் இல்லை. கிணற்று நீரைக் குடித்துக் குளத்து நீரில் பயிர் செய்யும் ஊரில் அது மண்ணிற் போய்ச் சேருமுன், விற்றவர் அதனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் விற்பனைச் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும்.