கூத்து முடிந்த பின் நிற்பது எது?

புதுச்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர் 'சிவாஜி சிலை' என்னும் இடத்தை நன்கு அறிவர். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 2001ஆம் ஆண்டு மறைந்தார். அவர் மறைந்த பின் பிறந்த இளைஞர்களும் இன்று அப்பெயரைச் சொல்லியே வழி கேட்கின்றனர், வழி சொல்கின்றனர். அவ்விளைஞர்களின் கையிலுள்ள செல்பேசியிலோ, சென்ற மாதம் இலட்சக்கணக்கானோர் பார்த்த முகம் இந்த மாதம் காணப்படவில்லை. அக்காலத் திரைக்கலைஞர்களின் ஈர்ப்பு நிலைத்து நிற்பதற்கும், இக்காலப் பிரபலங்களின் ஒளி விரைந்து மங்குவதற்கும் காரணம் யாது? இதனை வெறும் திரைப்படச் செய்தியாகக் கொள்ளாது, புகழ் என்பது என்ன என்னும் அறவினாவாகக் கொண்டு ஆராய்வது இல்லறத்தார்க்குப் பயன் தரும்.

'அக்காலத்தவர் நல்லவர், இக்காலத்தவர் போலிகள்' என்று பெரியோர் சிலர் எளிதாக விடை கூறிவிடுவர். இவ்விடை முழுமையானதன்று. அந்நாளிலும் விளம்பரம் இருந்தது. 'பேசும் படம்' போன்ற இதழ்களும் வண்ணச் சுவரொட்டிகளும் நட்சத்திரங்களை வளர்த்தன. அன்று ஒளிவீசிய பலருடைய பெயர்களை இன்று எவரும் நினைப்பதில்லை. காலம் சலித்துத் தந்த சிலரை மட்டும் நாம் காண்கிறோம். கண்டு, அக்காலம் முழுவதுமே பொற்காலம் என எண்ணி மயங்குகிறோம். பழமையின்மீது வைக்கும் பற்றும் பற்றே என்பதை மறத்தலாகாது.

எம்.கே. தியாகராஜ பாகவதரின் வாழ்வை நோக்குவோம். அவர் நடித்த 'ஹரிதாஸ்' 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது திரையுலக வரலாறு. ஆனால், படம் வெளிவந்த சில வாரங்களிலேயே, அவ்வாண்டு டிசம்பரில், இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். திரையில் அவர் குரலைக் கேட்க மக்கள் திரண்டு நின்றபோது அவர் சிறையில் இருந்தார். 1947இல் அவரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றமற்றவர்கள் என விடுதலை பெற்றனர். பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவில்லை. பின்னர் வந்த படங்கள் வெற்றி பெறவில்லை. 1959ஆம் ஆண்டு, ஐம்பது வயது நிறையும் முன்னரே அவர் மறைந்தார். மனிதரைச் சூழ்ந்திருந்த கூட்டம் அவர் வாழ்நாளிலேயே கலைந்தது. அவர் பாடிய பாடல்களோ கலையவில்லை. அவர் முகத்தைப் பாராதவரும் அவற்றைக் கேட்டு உருகுகின்றனர். கலைஞனுக்கு வந்த ஆரவாரம் வேறு, அவன் அளித்த கலை வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நம் புதுச்சேரி மக்களும் இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்களே. எம்.ஜி.ஆர். 1972இல் தொடங்கிய கட்சி முதன்முதலில் ஆட்சிப் பொறுப்பேற்றது தமிழகத்தில் அன்று. 1974ஆம் ஆண்டு மார்ச் மாதம் புதுச்சேரியில்தான். அவ்வாட்சி ஒரு திங்கள்கூட நீடிக்கவில்லை. 1977இல் மக்கள் மீண்டும் வாய்ப்பளித்தனர். 1979 ஜனவரியில் புதுச்சேரியைத் தமிழகத்துடன் இணைக்கும் பேச்சு எழுந்தபோது மக்கள் வீதிகளில் திரண்டு எதிர்த்தனர். அடுத்து வந்த 1980 தேர்தலில் அக்கட்சிக்கு இங்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. எனினும் அவருடைய பாடல்களை இந்நகரம் ஒதுக்கிவிடவில்லை. அரசியல் தீர்ப்பு அதன் வழியில் சென்றது; கலையின்மீதுள்ள அன்பு அதன் வழியில் நின்றது. அவர் திரையில் மது அருந்துபவராகவும் புகைப்பவராகவும் தோன்றுவதைப் பெரும்பாலும் தவிர்த்து வந்தார். மதுக்கடைகள் மலிந்த இவ்வூரில் அந்தத் தவிர்ப்பு வெறும் நடிப்பாக மட்டும் நின்றுவிடவில்லை. அதனைக் கண்டு குடியை வெறுத்த உள்ளங்கள் உண்டு. திரையில் தோன்றிய உருவம் நிழலே. அந்நிழல் பார்த்தவர் உள்ளத்தில் விதைத்த நல்லெண்ணம் நிழலன்று.

ஆகவே நிலைத்து நிற்பது முகமன்று, கொடுக்கப்பட்ட பொருள். சிவாஜி கணேசன் சிறுவயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் உழைத்த பின்னரே 1952இல் 'பராசக்தி'யில் தோன்றினார். 1995இல் பிரான்சு அரசு அவருக்குச் செவாலியே விருது வழங்கியபோது, பிரெஞ்சு ஆட்சியைக் கண்ட நம் நகருக்கு அது தனி மகிழ்ச்சியாயிற்று. அந்த உழைப்புதான் அவர் மக்களுக்கு அளித்த கொடை. இன்றைய பிரபலங்கள் பலரிடம் நாம் காண்பது வேறு. அவர்கள் உண்பது, உடுப்பது, ஊர் சுற்றுவது ஆகியவையே காட்சிப் பொருள்களாகின்றன. காண்பிப்பது உண்டு, கொடுப்பது இல்லை. பார்வைகளின் எண்ணிக்கையே புகழின் அளவாகிறது. இதற்கு விலக்கும் உண்டு. அதே செல்பேசியின் வழியே கணக்கும் இசையும் மருத்துவ அறிவும் கற்பிப்போர் உளர். அவர்கள் கொடுக்கின்றனர், ஆதலின் அவர்கள் நினைக்கப்படுவர். பழமை, புதுமை என்பதன்று இங்கு அளவுகோல். கொடை உண்டா இல்லையா என்பதே.

திருக்குறளின் அதிகார அமைப்பு இதனை அழகாக உணர்த்துகிறது. 'ஈகை' 23ஆம் அதிகாரம். 'புகழ்' 24ஆம் அதிகாரம். கொடுத்தலை முதலில் கூறி, அதன் பயனாகவே புகழைப் பின் வைத்தார் ஆசிரியர். மேலும், புகழ் அதிகாரத்தோடு இல்லறவியல் முடிகிறது. அடுத்துத் துறவறவியல் தொடங்குகிறது. புகழ் இல்லறத்தின் எல்லை வரை வரத்தக்கது. அதற்கு அப்பால் அதற்கு வேலை இல்லை. துறவறவியலில் 'நிலையாமை' கூறுமிடத்தில், செல்வம் வருவதையும் போவதையும் கூத்துக் காணக் கூடும் கூட்டத்திற்கும், கூத்து முடிந்ததும் அது கலைவதற்கும் ஒப்பிடுகிறார். செல்வத்திற்குச் சொன்ன அவ்வுவமை புகழுக்கும் முற்றிலும் பொருந்தும்.

ஸ்ரீபுராணம் கூறும் நீலாஞ்சனையின் வரலாறு நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்தது. ஆதிபகவன் விருஷபதேவர் அரசு வீற்றிருந்த அவையில் தேவமங்கை நீலாஞ்சனை ஆடினாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஆயுள் முடிந்தது. இந்திரன் அந்நொடியே அவளைப் போன்ற வேறொருத்தியை அவ்விடத்தில் தோற்றுவித்தான். தாளம் தவறவில்லை, ஆட்டம் நிற்கவில்லை, அவையோர் எவரும் மாற்றத்தை உணரவில்லை. பகவன் ஒருவரே உணர்ந்தார். உணர்ந்து பற்றைத் துறந்தார். இக்காலப் புகழின் இயல்பை இவ்வரலாறு அப்படியே காட்டுகிறது. ஒருவர் மறைந்ததும் மற்றொருவர் அவ்விடத்தில் ஆடுகிறார். பார்ப்போர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். சென்றவர் யார் என்று கேட்பாரில்லை. நாம் இதனைக் காணும் அவையோராக இருந்து மயங்கப் போகிறோமா, பகவனைப் போல் உணரப் போகிறோமா என்பதே வினா.

ஜினாகமம் புகழையும் வினையின் பயனாகவே வகுத்துள்ளது. நாம கர்மத்தின் வகைகளுள் யசஸ்கீர்த்தி ஒன்று. அதன் மறுதலையான அயசஸ்கீர்த்தி மற்றொன்று. ஒருவன் பெறும் பெயர் அவன் உயிரின் குணமன்று; உதயத்திற்கு வந்து, பயன் தந்து, உதிர்ந்துபோகும் வினை. பாகவதருக்கு 1944இல் வந்ததும், பின்னர் நீங்கியதும் அவ்வகையே. வந்த புகழைத் 'தன்னுடையது' என எண்ணுபவன் எண்வகை மதங்களுள் பூஜையால் வரும் மதத்திற்கு ஆளாகிறான். புகழ் நீங்கியபோது அவன் படும் துன்பத்திற்கு அளவில்லை. பல்லாயிரவர் பார்த்த ஒரு காட்சியை மறுநாள் நூறு பேரே பார்த்தனர் என்று கலங்கும் பிள்ளையின் துன்பமும் அதுவே.

நம் பிள்ளைகளிடம் செல்பேசியைப் பறிப்பதால் இத்துன்பம் தீர்ந்துவிடாது. "இவர் என்ன கொடுத்தார்?" என்று ஒவ்வொரு பிரபலத்தைக் குறித்தும் கேட்கப் பழக்குவோமாக. அக்கேள்வியைப் பெரியோர் தம் இளமைக்கால நாயகர்களைக் குறித்தும் கேட்டுக்கொள்வாராக. பிள்ளை ஆடிப் பாடிப் படம் எடுத்தால், "எத்தனை பேர் பார்த்தனர்?" என்று கேளாது, "எத்தனை நாள் பயின்றாய்?" என்று கேட்போமாக.

புகழினும் கொடையே பெரிது என்பதற்கு நம் இலக்கியமே இறுதிச் சான்று. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியில் இன்று எஞ்சியவை எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே. பாடியவர் பெயரும் தெரியவில்லை. எனினும் 1952இல் அப்பெயரால் ஒரு திரைப்படம் உருவானபோது, அதற்கு உரையாடல் எழுதியவர் நம் புதுச்சேரியின் பாவேந்தர் பாரதிதாசன். நாலடியாரின் நானூறு பாடல்களைச் சமண முனிவர்கள் பாடினர் என்று மட்டுமே அறிகிறோம்; எந்தப் பாடல் எவருடையது என்று அறியோம். அவர்களுக்குச் சிலையில்லை, அவர் பெயரால் அழைக்கப்படும் நிறுத்தமும் இல்லை. பெயரை வைக்காமல் பொருளை வைத்துச் சென்றனர். அப்பொருளால் இன்றும் ஓர் உயிரேனும் சினம் தணிந்து, பற்றுக் குறைந்து நிற்குமாயின், கூத்து முடிந்த பின்னும் நிற்பது அதுவே.